ராஸ்பெர்ரி பையில் ஸ்லாட் சவுண்ட் கார்டு: பாட்டுக் கேட்கச் சரிப்படுமா?

செங்காங் வாசகர் கேள்வி, 5 ஜனவரி 2025

அண்ணே, என்னிடம் ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினி இருக்கிறது. அதில் ஹெட்போன் துளையே இல்லை. பழைய டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிய பிசிஐ எக்ஸ்பிரஸ் சவுண்ட் கார்டு ஒன்று அலமாரியில் கிடக்கிறது, அந்தக் காலத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கியது. பை 5-இல் பிசிஐஇ (பிசிஐ எக்ஸ்பிரஸ்) வந்துவிட்டதே, அதில் இந்தக் கார்டைச் செருகிவிட்டால் ஹேட் (பையின் மேல் பொருத்தும் ஒலிப் பலகை) வாங்கும் காசு மிச்சம், ஒலியும் ஹேட்டைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். சரிதானே?

5 ஜனவரி, இரவு

பாதி சரி தம்பி. பை 5-இல் பிசிஐஇ இருப்பது உண்மை, ஆனால் பலகையில் இருப்பது ஸ்லாட் இல்லை, 16 முனை கொண்ட மெல்லிய ரிப்பன் கேபிளுக்கான சாக்கெட். அதை ஸ்லாட்டாக மாற்ற ஓர் அடாப்டர் பலகை வேண்டும். அந்த ரிப்பன் தருவது 5 வோல்ட், அதிகம் போனால் 1 ஆம்பியர், ஆக 5 வாட். கார்டு கேட்பதோ 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும். 3.3-ஐ அடாப்டர் பலகையே 5 வோல்ட்டிலிருந்து உண்டாக்கிக்கொள்ளும், 12-ஐ நீங்கள்தான் வெளியே இருந்து கொண்டுவர வேண்டும். நல்ல கார்டு என்றால் கடைசிக் கட்டத்தில் ஒலியைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சில்லுகள் அந்த 12 வோல்ட்டை நம்பித்தான் இருக்கும், அதனால் இதை விட்டுவிட முடியாது.

வேகத்தைப் பற்றி மட்டும் கவலையே வேண்டாம். சிடி ஒலி என்பது நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், இரண்டு சேனல். கணக்குப் போட்டால் நொடிக்கு 176.4 கிலோபைட். பையின் ஒற்றைத் தடம் ஜென் 2-இல் (பிசிஐஇ-யின் இரண்டாம் தலைமுறை வேகம்) நொடிக்கு 500 மெகாபைட் தாங்கும். 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 32 பிட்டாக அனுப்பினாலும் நொடிக்கு ஒன்றரை மெகாபைட்டுக்குச் சற்றே மேல். ஜென் 3-ஆக மாற்றினால் ஒலி தெளிவாகிறது என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள்.

ஒலி ஹேட்டைவிட நன்றாக இருக்குமா என்பதற்குப் பிறகு வருகிறேன். நானே இந்த வேலையில்தான் இறங்கியிருக்கிறேன், அப்பாவின் பழைய கார்டை வைத்து.

6 ஜனவரி

என் ஏற்பாடு கொஞ்சம் வேறு. ராஸ்பெர்ரி பையின் இன்னொரு வடிவமான கம்ப்யூட் மாட்யூல் 4-ஐ அதற்கான ஐஓ பலகையில் பொருத்தியிருக்கிறேன். 2020 அக்டோபரில் வந்த பலகை, அதில் உண்மையான பிசிஐஇ எக்ஸ்1 ஸ்லாட்டே இருக்கிறது, ரிப்பன் தொல்லை கிடையாது. ஒரு விஷயம் கவனியுங்கள்: இந்தப் பலகைக்கு உள்ளே வரும் மின்சாரம்தான் அப்படியே ஸ்லாட்டின் 12 வோல்ட் கம்பிக்குப் போகிறது. ஸ்லாட் காலியாக இருந்தால் அடாப்டர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கார்டு செருகியிருந்தால் சரியாக 12 வோல்ட்தான், 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரைத் தெரியாமல்கூடச் செருகிவிடக் கூடாது.

அப்பாவின் கார்டு 2009 வாக்கில் வாங்கியது. அதில் நெகிழ்வட்டுக்கான நான்கு முனை மின்சார இணைப்பு ஒன்று உண்டு, அதற்கும் மின்சாரம் கொடுத்தால்தான் கார்டு விழிக்கும். பழைய டெஸ்க்டாப் பவர் சப்ளை ஒன்றைத் தனியாக வைத்துக் கொடுத்தேன். மேசை முழுக்க ஒயர். அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

11 ஜனவரி

முடிவு: ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பது முக்கியம் தம்பி, உங்கள் கார்டுக்கும் இதே கதிதான் என்று அஞ்சுகிறேன்.

ஸ்லாட்டில் செருகியவற்றைக் கணினி காட்டும் பிசிஐ பட்டியலில் கார்டு தெரிகிறது. பெயர், எண் எல்லாம் சரியாக வருகிறது. முதல் பத்து நிமிடம் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அப்புறம் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்திகளைப் பார்த்தால், இந்தக் கார்டு ஐஓ இடம் 256 பைட் கேட்கிறது, கொடுக்க இடம் இல்லை, ஒதுக்க முடியவில்லை என்று இரண்டு வரி. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறி வந்து, கார்டோடு பேச வழி இல்லாமல் இறங்கிவிடுகிறது.

ஐஓ இடம் என்றால் என்ன? இன்டெல் வழி வந்த கணினிகளில் நினைவக முகவரிகள் ஒரு பக்கம், அதற்குச் சம்பந்தமே இல்லாமல் போர்ட் முகவரிகள் இன்னொரு பக்கம், மொத்தம் 65,536. அவற்றில் எழுதவும் படிக்கவும் செயலிக்குத் தனிக் கட்டளைகள் உண்டு. பழைய சாதனங்கள் எல்லாம் அந்தப் போர்ட்கள் வழியாகத்தான் பேசின. பையில் இருப்பது போன்ற ஏஆர்எம் வகைச் செயலிகளில் அந்தக் கட்டளைகளே கிடையாது. அதனால் போர்ட் வழியாகப் பேசும் கார்டு எதுவும் ஏஆர்எம் பலகையில் ஓடாது.

இதை எழுதும்போது அப்பாவின் பழைய டாஸ் கணினி ஞாபகம் வருகிறது. அதில் சவுண்ட் பிளாஸ்டர் இருந்தது. கணினி தொடங்கும்போது ஓடும் கோப்பில் ஏ220 ஐ5 டி1 என்று ஒரு வரியை அப்பாதான் தட்டிவைத்தார், கப்பல் பட்டறையில் வேலை முடிந்து வந்து, கையில் கிரீஸ் வாசனையோடு. ஏ220 என்பது பதினறும எண்ணில் போர்ட் 220, ஐ5 இன்டரப்ட், டி1 டிஎம்ஏ சேனல். அந்த எண்ணை நான் ஒரு மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அர்த்தம் தெரியாது. முப்பது வருடம் கழித்து அந்தப் போர்ட்தான் குறுக்கே வந்து நிற்கிறது.

11 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

சவுண்ட் பிளாஸ்டர் என்று எழுதிவிட்டு அதை ஒரு வரியில் கடந்து போக மனம் வரவில்லை. அது நம் சிங்கப்பூர்ப் பொருள். சிம் வோங் ஹூ 1981-இல் சைனாடவுனில் இருந்த பேர்ல்ஸ் சென்டரில் ஒரு கணினிப் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியதுதான் அதைச் செய்த கிரியேட்டிவ் நிறுவனம். 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தது. அதுவரை பெரும்பாலான பிசிகளில் பீப் ஒலிதான், அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கணினி பேசியது, பாடியது. 1992-இல் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுதான். அவர் 2023 ஜனவரி 4 அன்று காலமானார், இந்த இழை தொடங்கியதற்கு முதல் நாள்தான் இரண்டு வருட நினைவு நாள். பேர்ல்ஸ் சென்டர் கட்டடமும் இப்போது இல்லை. அவுட்ராம் பார்க் பக்கம் ரயில் மாறும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

12 ஜனவரி

ஒருவர் கேட்டார்: பிசிஐஇ-யைப் பழைய பிசிஐ ஆக்கும் பிரிட்ஜ் அடாப்டர் போட்டால் இந்தச் சிக்கல் தீருமா? தீராது. பிரிட்ஜ் தன் மேலே இருந்து கிடைக்கும் இடத்தைத்தான் கீழே பங்கு போட்டுத் தரும். மேலே ஐஓ இடமே இல்லாதபோது அது எங்கிருந்து கொடுக்கும்? சொல்லப்போனால் அப்பாவின் கார்டிலேயே அப்படி ஒரு பிரிட்ஜ் சில்லு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருப்பது பழைய பிசிஐ சில்லு, முன்னால் ஒரு பிரிட்ஜ் வைத்து எக்ஸ்பிரஸ் கார்டாக விற்றார்கள். அந்தக் காலத்தில் நிறையக் கார்டுகள் அப்படித்தான்.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள் எல்லாருக்கும். தேக்காவில் கரும்பு வாங்கப் போன கூட்டத்தில் நின்றபடி யோசித்ததில், 11-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு தவறு எழுதிவிட்டேன் என்று தெரிந்தது. திருத்துகிறேன்.

ஏஆர்எம் பலகை எதிலும் ஓடாது என்று சொன்னது தவறு. செயலியில் போர்ட் கட்டளை இல்லை என்பது சரிதான், ஆனால் பிசிஐஇ கட்டுப்படுத்தி நினைவகத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து, அந்த ஜன்னலில் எழுதுவதையெல்லாம் போர்ட் எழுத்தாக மாற்றி கார்டுக்கு அனுப்ப முடியும். லினக்ஸுக்கும் அது தெரியும். உதாரணமாக ராக்சிப் ஆர்கே3399 சில்லின் சாதன விவரக் கோப்பில் ஐஓவுக்கென்றே 1 மெகாபைட் ஜன்னல் ஒதுக்கியிருக்கிறார்கள். பையின் விவரக் கோப்பில் நினைவக ஜன்னல்கள் மட்டும்தான் உண்டு, ஐஓ ஜன்னல் கிடையாது. பை 5-இலும் அதே நிலைதான், அதனால் செங்காங் தம்பிக்கு நான் சொன்ன முடிவு மாறவில்லை. காரணத்தைத்தான் தவறாகச் சொல்லிவிட்டேன். ஆர்கே3399 பலகை ஏதும் என்னிடம் இல்லை, இருந்திருந்தால் இன்றைக்கே செருகியிருப்பேன்.

19 ஜனவரி

மூன்று பேர் தனித்தனியாக ஒரே கேள்வி: என் கார்டு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கார்டு ஏற்கெனவே ஓடும் கணினி ஒன்றில் லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து தொடங்குங்கள். பிசிஐ பட்டியலை விரிவாகக் கேட்டால் உங்கள் கார்டின் கீழே சில வரிகள் வரும். ஐஓ போர்ட்கள் இந்த முகவரியில் என்ற வரி மட்டும் இருந்தால் பையில் அது ஓடாது. நினைவகம் இந்த முகவரியில் என்று இருந்தால் வாய்ப்பு உண்டு. இரண்டும் இருந்தால் டிரைவர் எதை நம்புகிறது என்று பார்க்க வேண்டும்.

டிரைவர் பெயரை வைத்தும் சொல்லலாம். ஈஎம்யூ10கே1 (பழைய லைவ், ஆடிஜி வகை), சிஎம்ஐ8738, ஐஸ்1712, ஐஸ்1724, ஆக்சிஜன், விர்ச்சுவோசோ: இவை எல்லாம் போர்ட் வழி. ஒரு காலத்தில் பாட்டுக் கேட்கிறவர்கள் தேடித்தேடி வாங்கிய கார்டுகள் முக்கால்வாசி இந்தப் பட்டியலில்தான் வருகின்றன, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எச்டி ஆடியோ என்ற பொது முறையில் பேசும் கார்டுகள் நினைவக வழி. மதர்போர்டில் இருக்கும் சாதாரண ஒலிச் சில்லுகளின் அதே மொழிதான், ஆனால் அந்தச் சாதாரண மொழிதான் இங்கே கைகொடுக்கிறது.

25 ஜனவரி

சீனப் புத்தாண்டுக்குக் கடைகள் மூடுவதற்குள் என்று சிம் லிம் ஸ்கொயருக்குப் போனேன். சவுண்ட் கார்டு என்று கேட்டால் இரண்டு கடையில் யூஎஸ்பி டாக்கைத்தான் (யூஎஸ்பியில் செருகும் சிறு ஒலிக் கருவி) எடுத்து நீட்டினார்கள். மாடி மாடியாக ஏறி இறங்கியதுதான் மிச்சம். கடைசியில் கரோசல் என்ற இணையச் சந்தையில் ஒரு பழைய எச்டி ஆடியோ வகைக் கார்டு, 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), புக்கிட் பாத்தோக் பிளாக் அடியில் போய் வாங்கினேன். விற்றவர் ஓர் அங்கிள், எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் சுங்கை ரோடு சந்தையில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்து விற்றவராம். அந்தச் சந்தை 2017 ஜூலையில் மூடியதிலிருந்து வீட்டிலேயே வைத்து விற்கிறார். காப்பிக்கடையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். 5 வெள்ளி குறைத்துக்கொள்கிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன்.

2 பிப்ரவரி

ஓடுகிறது!

நீண்ட விடுமுறையில் உட்கார்ந்து செய்தேன். செருகியதும் கார்டு பட்டியலில் வந்தது, நினைவக இடமும் கிடைத்தது, ஆனால் ஒலிச் சாதனங்களில் வரவில்லை. நான் போட்டிருந்த கெர்னலில் அந்த டிரைவர் சேர்க்கப்படவில்லை. மூல நிரலை இறக்கி, ஒலிப் பகுதியில் எச்டி ஆடியோ பிசிஐ டிரைவரையும், அதற்குத் தனியாக இருக்கும் கோடெக் டிரைவரையும் சேர்த்துக் கட்டினேன். இந்த இரண்டாவதை மறக்காதீர்கள். ஒன்று கட்டுப்படுத்தியைப் பார்த்துக்கொள்வது, மற்றது கார்டில் ஒலியைச் செய்யும் சில்லை அறிவது. நான் முதல் முறை மறந்தேன், மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. கட்டி முடிக்கப் பையிலேயே விட்டால் நெடுநேரம் ஆகும். மடிக்கணினியில் கட்டி மாற்றிக்கொள்வது நல்லது.

பை 5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதன் வழக்கமான கெர்னல் 16 கிலோபைட் பக்க அளவில் ஓடுகிறது. ஏதாவது டிரைவர் விநோதமாக நடந்துகொண்டால் 4 கிலோபைட் கெர்னலுக்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் போட்டது ஒரு நாதஸ்வரக் கச்சேரி, அப்பாவின் சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக் (தரம் குறையாத ஒலி) கோப்பு. தவில் விழும்போது அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு அது போதும்.

3 பிப்ரவரி

இரண்டு சின்ன விஷயம். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் முன் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஓர் அடி. கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கிவிடுகிறது, எழும்போது அந்தச் சத்தம். எச்டி ஆடியோ டிரைவரில் மின்சேமிப்பு அமைப்பைச் சுழியமாக்கினால் போய்விடும். போய்விட்டது.

இன்னொன்று. லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் பொதுவான வழியில் விட்டால் பல ஒலிகளைக் கலக்கும் பகுதி எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றிவிடும். நம்மிடம் இருப்பதோ பெரும்பாலும் சிடியிலிருந்து எடுத்த 44.1. எம்பிடி என்ற பாட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் நேரடி வன்பொருள் சாதனத்தைக் கொடுத்துவிடுங்கள். பாட்டு ஓடும்போது வேறெந்த மென்பொருளும் அந்தக் கார்டைத் தொட முடியாது, அது மட்டும்தான் விலை.

9 பிப்ரவரி

பாட்டு இல்லாத நேரத்தில் மெல்லிய ஹம். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஜன்னலுக்கு எதிரே எம்ஆர்டி போகாத இடைவெளியில், நன்றாகக் கேட்கிறது. கம்ப்யூட் மாட்யூலின் வைஃபை ஆன்டெனா கார்டுக்கு நான்கு விரல் தள்ளித்தான் இருக்கிறது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், வைஃபையை அணைத்துக் கம்பி வழி இணையத்துக்கு மாற்றினேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது.

16 பிப்ரவரி

குறையவில்லை. குறைந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். 9-ஆம் தேதிக் குறிப்பை மறந்துவிடுங்கள்.

ஈசூன் வாசகர் ஒருவர், மின்வேலை செய்கிற அக்கா, ஒரே கேள்வி கேட்டார்: ஹெட்போனை நேராகக் கார்டில் செருகினால் ஹம் கேட்கிறதா? செருகிப் பார்த்தேன். துளியும் இல்லை. அப்படியானால் கார்டு சுத்தம், ஆம்ப்ளிபயரோடு சேரும்போதுதான் கோளாறு. அடுத்து அவர் சொன்னது: கணினியில் செருகியிருக்கும் எல்லாக் கம்பியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எச்டிஎம்ஐ கம்பியைப் பிடுங்கினேன், ஹம் அப்படியே நின்றுவிட்டது.

காரணம் எர்த். என் மானிட்டரும் மூன்று பின் பிளக், ஆம்ப்ளிபயரும் மூன்று பின் பிளக், இரண்டும் வேறு வேறு சுவர் சாக்கெட்டில். ஒருபக்கம் எச்டிஎம்ஐ உறை வழியாகவும் இன்னொரு பக்கம் ஒலிக் கம்பியின் உறை வழியாகவும் இரண்டு எர்த்தும் பைக்குள் சந்தித்து ஒரு வளையம் ஆகிவிட்டது. அந்த வளையத்தில் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்றி வந்து பாட்டில் ஏறிக்கொள்கிறது. இப்போது மானிட்டரே இல்லாமல், நெட்வொர்க் வழியாக நுழைந்துதான் எல்லாம் செய்கிறேன். மானிட்டர் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் கார்டின் ஆப்டிகல் வெளியீட்டைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் இழையில் வெளிச்சம்தான் போகிறது, உலோகத் தொடர்பே இல்லை, வளையமும் உருவாகாது. அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.

எர்த் பின்னை வெட்டிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பின் உயிருக்காக இருப்பது.

23 பிப்ரவரி

முதல் நாள் கேள்விக்கு வருகிறேன், ஹேட்டைவிட ஒலி நன்றாக இருக்குமா என்பது.

ஒப்பிட்டுப் பார்க்க பிசிஎம்5122 சில்லு கொண்ட ஹேட் ஒன்றை நண்பரிடமிருந்து இரவல் வாங்கி இரண்டு வாரமாக மாற்றி மாற்றிக் கேட்கிறேன். அதன் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, சில்லு தயாரித்தவர் கணக்குப்படி 112 டெசிபல். சிடியின் 16 பிட்டே கோட்பாட்டளவில் 98 டெசிபலோடு முடிந்துவிடுகிறது. பெரிய கார்டுகள் 120-ஐத் தாண்டிப் பெருமை பேசும், ஆனால் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடுகிறது, கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், ரயில் போகிறது. என் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டவில்லை.

எட்டியது வேறு. ஹேட்கள் ஐ2எஸ் என்ற வழியில், பையின் பொதுப் பயன்பாட்டு முனைகளில், ஜிபிஐஓ 18 முதல் 21 வரையானவற்றில், பேசுகின்றன. எளிய ஹேட்டில் காலக் கணக்கை வைத்திருப்பது பைதான். பையில் இருக்கும் கிரிஸ்டல் ஒலிக்கென்று தேர்ந்தெடுத்தது அல்ல, 44.1-க்கோ 48-க்கோ வேண்டிய பிட் கடிகாரத்துக்கு முழுமையாக வகுபடாது, பின்னத்தால் வகுத்துச் சராசரியில் சரிக்கட்டுகிறது. கொஞ்சம் விலை கூடிய ஹேட்களில் இரண்டு கடிகாரங்கள் உண்டு, 44.1 குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576. அங்கே ஹேட் தாளம் போட, பை அதைப் பின்பற்றுகிறது. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில், கண்ணை மூடிக் கேட்டபோது, அந்த இரண்டாவது வகையை மூன்று தடவையில் மூன்று தடவையும் நான் சரியாகச் சொன்னேன். மூன்று தடவை என்பது சோதனை ஆகாது, தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

கார்டு நடுவில் நிற்கிறது. எச்டி ஆடியோ இணைப்பு நொடிக்கு 48,000 சட்டங்கள் என்ற கணக்கில் ஓடுவது. 44.1 பாட்டுக்கு ஒவ்வொரு 160 சட்டத்திலும் 147-இல் மட்டும் மாதிரியை வைத்து, மீதியை வெறுமையாக அனுப்பி, கோடெக் அதை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. மாற்றம் எதுவும் செய்யாமல் ஒவ்வொரு மாதிரியும் போய்ச் சேர்கிறது, நன்றாகவும் கேட்கிறது. ஆனால் பாட்டுக் கேட்க மட்டும் என்றால், தம்பி, ஹேட் வாங்குங்கள். 12 வோல்ட்டும் வேண்டாம், கெர்னலும் கட்ட வேண்டாம். ஜிபிஐஓ முனைகள் வேறு வேலைக்கு வேண்டுமென்றால் யூஎஸ்பி டாக், ஆடியோ கிளாஸ் 2 வகை என்றால் லினக்ஸில் செருகியதும் பாடும்.

24 பிப்ரவரி

பிறகு ஏன் அந்தக் கார்டைக் கழற்றவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். லைன்-இன். அது வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்கும் துளை. நான் இரவல் வாங்கிய ஹேட்டில் ஒலி வெளியே போகும், உள்ளே வராது.

25 பிப்ரவரி

சரி, உள்ளீடும் சேர்ந்த ஹேட்களும் உண்டு என்று இரண்டு பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். புதிதாகத் தொடங்குபவர் அதையே வாங்கலாம். எனக்கு 25 வெள்ளிக் கார்டில் அந்த வழி ஏற்கெனவே இருக்கிறது, அதனால் தொடர்கிறேன்.

2 மார்ச்

லைன்-இன் எதற்கு என்றால் அப்பாவின் கேசட்டுகள். ஒரு பிஸ்கட் டின் நிறைய, மொத்தம் 31. கடையில் வாங்கியவை கொஞ்சம்தான், மீதி எல்லாம் வானொலித் தமிழ் ஒலிபரப்பிலிருந்து அப்பா பதிவு செய்தவை, எண்பதுகளில். நம் ஊர் ஈரத்தில் சில நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. அவற்றை நேராக டெக்கில் போடக் கூடாது, ஹெட்டைக் கெடுத்துவிடும், அடுத்த கேசட்டுக்கும் பரப்பிவிடும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு வாரம் காயவைத்து, பஞ்சால் மெல்லத் துடைத்து, பிறகுதான்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். கேசட்டுக்கு 24 பிட் எதற்கு என்று கேட்பீர்கள். அளவை முன்கூட்டியே சரியாக வைக்க முடியாது, ஒரு பாட்டு மெதுவாக இருக்கும், அடுத்ததில் அறிவிப்பாளர் உரக்கப் பேசுவார். 24 பிட் என்றால் உச்சத்துக்குக் கீழே நிறைய இடம் விட்டுத் தாழ்வாகப் பதிந்து, பிறகு உயர்த்தினாலும் ஒன்றும் கெடாது. கார்டின் மைக் பூஸ்ட் முழுவதையும் சுழியத்தில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் லைன்-இன்னிலும் இரைச்சல் ஏறுகிறது.

9 மார்ச்

ஆறாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் பாட்டு நடுவில் நின்று, ஒரு குழந்தை அழுகிறது, பிறகு அப்பாவின் குரல், "ஏய், பதிவு ஓடுது, பாப்பாவைத் தூக்கு." அம்மா ஏதோ பதில் சொல்கிறார், சரியாகக் கேட்கவில்லை. அழுவது என் அக்காவா நானா என்று வீட்டில் ஒரு மணி நேரம் பேச்சு. பின்னணியில் மணி ஒன்று அடிக்கிறது, ரொட்டிக்காரர் சைக்கிள் மணி என்று அம்மா சொல்கிறார். அப்போது நாங்கள் ஈசூனுக்கு மாறியிருக்கவில்லை. அந்த மணியை வைத்து எந்த வீடு என்று கண்டுபிடித்தார்கள்.

கோப்பை இரைச்சல் நீக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

15 மார்ச்

செங்காங் தம்பி ஹேட் வாங்கிவிட்டார், வால்யூமியோ என்ற பாட்டு மென்பொருளைப் போட்டுப் பாட்டுக் கேட்கிறாராம். தன் பழைய கார்டை எனக்கே கொடுத்துவிட்டார். பார்த்தால் அப்பாவுடைய அதே மாடல். இரண்டையும் அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் செருகினேன், இரண்டும் ஓடுகின்றன. அங்கே போர்ட்கள் உண்டு.

அதனால் இப்போது இரண்டு டெக் வைத்து ஒரே நேரத்தில் இரண்டு கேசட் பதிகிறேன், பையில் ஒன்று, டெஸ்க்டாப்பில் ஒன்று. இன்னும் 19 பாக்கி. யாரிடமாவது ஓடும் நிலையில் கேசட் டெக்குக்கான ரப்பர் பெல்ட் இருந்தால் சொல்லுங்கள், சிம் லிம் டவரில் கேட்டேன், என் டெக்குக்கான அளவு கிடைக்கவில்லை.